சிறிய அலுவலகத்துக்கு நெட்வொர்க் ஸ்டோரேஜ்: பெட்டியை வாங்கும் முன் பேக் அப் பற்றி முடிவெடுங்கள்

வீட்டுக்கென ஒரு கம்ப்யூட்டர் வாங்கியவர்கள், சில ஆண்டுகளில் அதை வைத்தே ஒரு சிறு தொழிலையும் தொடங்கி விடுகின்றனர். ஒரு கம்ப்யூட்டர் மூன்றாகிறது, மூன்று ஐந்தாகிறது. பென் டிரைவைத் தூக்கிக் கொண்டு ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு நடப்பது அலுத்துப் போகிறது. அப்போது என்னிடம் அந்தக் கேள்வி வரும். "எல்லா பைல்களும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும், எல்லா கம்ப்யூட்டரிலிருந்தும் திறக்க வேண்டும். என்ன பெட்டி வாங்கலாம்?"

முன்பெல்லாம் நானும் உடனே ஒரு மாடலைச் சொல்லி விடுவேன். இப்போது சொல்வதில்லை. பதிலுக்கு ஒரு கேள்வி கேட்கிறேன்: "ஒரு பைல் காணாமல் போனால், அது போய்விட்டது என்பதே உங்களுக்கு எத்தனை நாள் கழித்துத் தெரியும்?" பலரும் என்னை விநோதமாகப் பார்ப்பார்கள். இந்தக் கேள்வியை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. என் மைத்துனரின் தொழிலில் நானே செய்து வைத்த தவறு கற்றுக் கொடுத்தது.

சிவகாசியில் நடந்தது

என் மைத்துனர் சிவகாசியில் ஒரு சிறிய டி.டி.பி. மற்றும் டிசைன் யூனிட் நடத்துகிறார். ஐந்து கம்ப்யூட்டர்கள். கோரல் டிராவும் போட்டோஷாப்பும் தான் மூலதனம். பட்டாசுப் பெட்டி லேபிள், நோட்டுப் புத்தக அட்டை, கல்யாணப் பத்திரிகை என ஆண்டு முழுவதும் வேலை இருந்தாலும், வருமானத்தில் பெரும் பகுதி காலண்டரில் தான். ஆடிப்பெருக்கு அன்று புதிய ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்களை வெளியிட்டு ஆர்டர் பிடிக்கத் தொடங்குவது சிவகாசி வழக்கம். அன்று தொடங்கி டிசம்பர் வரை மூச்சு விட நேரம் இருக்காது.

காலண்டர் ஆர்டர்களில் பெரும்பாலானவை பழைய வாடிக்கையாளர்களுடையவை. மளிகைக் கடை அண்ணாச்சி போன் செய்வார். "போன வருஷம் போட்டது தான் தம்பி. போன் நம்பரை மட்டும் மாத்திப் போட்டுடு." அவ்வளவு தான் ஆர்டர். பழைய பைல் இருந்தால் ஐந்து நிமிட வேலை. இல்லை என்றால் அரை நாள்.

2018ஆம் ஆண்டு ஜூனில் அவருக்கு இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள் கொண்ட ஒரு நாஸ் பெட்டியை நான் தான் வாங்கி அமைத்துக் கொடுத்தேன். நாஸ் என்பது நெட்வொர்க் கேபிளில் இணைக்கப்படும் ஒரு சிறிய ஸ்டோரேஜ் பெட்டி. மானிட்டர், கீ போர்டு இல்லாத ஒரு கம்ப்யூட்டர் என்றும் சொல்லலாம். உள்ளே 2 டெராபைட் டிஸ்க் இரண்டு. ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றொன்றிலும் எழுதப்படும்படி செட் செய்தேன். "ஒரு டிஸ்க் போனாலும் இன்னொன்று இருக்கிறது. இனி நிம்மதியாகத் தூங்கலாம்" என்று சொன்னதும் நான் தான்.

2019 மே மாதம் டிஸ்க் நிரம்பிவிட்டது. டிசைனர் பையன் ஒருவன் இடம் உண்டாக்க முயன்றான். "காலண்டர் 2019" என ஒரு போல்டர். "காலண்டர் 2019 காப்பி" என இன்னொரு போல்டர். இரண்டு எதற்கு என்று ஒன்றை டெலீட் செய்தான். காப்பி என்ற பெயர் கொண்டதை டெலீட் செய்வதாக நினைத்து, மேலே இருந்த அசல் போல்டரை டெலீட் செய்துவிட்டான். அந்தக் காப்பி முந்தைய அக்டோபரில் யாரோ எடுத்து வைத்தது. எனவே நவம்பர், டிசம்பர் மாதங்களில் முடித்த ஏறத்தாழ 200 வேலைகள் அதில் இல்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும. உங்கள் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கில் உள்ள பைலை டெலீட் செய்தால் அது ரீசைக்கிள் பின் செல்லும். நெட்வொர்க் டிரைவில் உள்ள பைலை டெலீட் செய்தால், விண்டோஸ் அதனை ரீசைக்கிள் பின்னுக்கு அனுப்பாது. நிரந்தரமாக நீக்கவா என ஒரு முறை கேட்கும். சரி என்றால் அவ்வளவு தான். நாஸ் பெட்டிக்குள்ளேயே தனியாக ஒரு ரீசைக்கிள் பின் வசதி உண்டு. அதனை நான் இயக்கி வைக்கவில்லை.

ஆடி வரை யாருக்கும் எதுவும் தெரியாது. மே மாதத்தில் காலண்டர் பைலை யார் திறக்கப் போகிறார்கள்? ஆகஸ்ட் முதல் வாரம் ஒரு வாடிக்கையாளரின் பைலைத் தேடிய போது தான் தெரிந்தது. மைத்துனர் போன் செய்தார். "அத்தான், ரெண்டு டிஸ்க் இருக்கே, ரெண்டாவதுல இருந்து எடுத்துக் குடுங்க" என்றார். இரண்டாவது டிஸ்க்கிலும் இல்லை என்று அவருக்குப் புரிய வைக்க எனக்குப் பத்து நிமிடம் ஆனது. டேட்டா ரெக்கவரி செய்பவரிடம் பெட்டியைக் கொண்டு போனோம். இடைப்பட்ட இரண்டரை மாதத்தில் அதே இடத்தில் புதிய வேலைகள் எழுதப்பட்டுவிட்டதால் ஒன்றும் தேறவில்லை.

பிளேட் போடும் சி.டி.பி. சென்டரில் பழைய பி.டி.எப். பைல்களை அழிக்காமல் வைத்திருந்தார்கள். அதில் பாதி கிடைத்தது. ஆனால் அந்த பி.டி.எப். பைல்களில் தமிழ் எழுத்துக்கள் எல்லாம் கர்வ் ஆக மாற்றப்பட்டவை. படம் போல இருக்குமே தவிர எழுத்தைத் திருத்த முடியாது. மீண்டும் டைப் செய்தார்கள். மீதிப் பாதிக்கு, வாடிக்கையாளர் வீட்டுச் சுவரில் தொங்கிய காலண்டரையே வாங்கி வந்து பார்த்துச் செய்ய வேண்டியிருந்தது. அந்த சீசனில் சில பழைய வாடிக்கையாளர்கள் வேறு இடத்துக்குப் போய்விட்டார்கள். டெலீட் செய்த பையனை வேலையை விட்டு அனுப்ப வேண்டாம் என்று நான் கேட்டுக் கொண்டேன். குழப்பமான பெயரில் இரண்டு போல்டர், ரீசைக்கிள் பின் இல்லாத பெட்டி. அவன் இடத்தில் நான் இருந்தாலும் அதையே செய்திருப்பேன்.

ரெய்டு எதற்கு?

இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து இயக்கும் முறைக்கு ரெய்டு என்று பெயர். 1988ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவர் எழுதிய ஆய்வுக் கட்டுரையிலிருந்து இந்தப் பெயர் பிரபலமானது. விலை உயர்ந்த ஒரு பெரிய டிஸ்க்குக்குப் பதிலாக, விலை குறைந்த பல டிஸ்க்குகளைச் சேர்த்துப் பயன்படுத்தலாம் என்பது தான் அவர்கள் சொன்னது.

ரெய்டு 1 என்பது இரண்டு டிஸ்க்கிலும் ஒரே தகவல். 4 டெராபைட் டிஸ்க் இரண்டு போட்டால் உங்களுக்குக் கிடைப்பது 4 டெராபைட் தான். ரெய்டு 5க்குக் குறைந்தது மூன்று டிஸ்க் வேண்டும். 4 டெராபைட் மூன்று போட்டால் 8 டெராபைட் கிடைக்கும், ஒரு டிஸ்க் பழுதானால் தாங்கும். ரெய்டு 0 என்பது வேகத்துக்கு மட்டும். ஒரு டிஸ்க் போனாலும் எல்லாம் போய்விடும். அலுவலக வேலைக்கு அந்தப் பக்கமே போக வேண்டாம்.

டிஸ்க் என்ற பொருள் பழுதாகும் போது வேலை நிற்காமல் இருக்க ரெய்டு உதவும். ஒரு டிஸ்க் போன அன்றும் ஆட்கள் வேலை பார்த்துக் கொண்டே இருக்கலாம். புதிய டிஸ்க் போட்டதும் பெட்டி தானே அதில் நிரப்பிக் கொள்ளும். இது பெரிய வசதி தான். ஆனால் டெலீட் செய்தால் இரண்டிலும் உடனே டெலீட் ஆகும். தவறான பைலை பழைய பெயரில் சேவ் செய்தால் இரண்டிலும் தவறான பைல். வைரஸ் பூட்டினால் இரண்டும் பூட்டப்படும். மின்னல் தாக்கினாலோ திருடு போனாலோ இரண்டு டிஸ்க்கும் ஒரே பெட்டிக்குள் தானே இருக்கின்றன!

வாங்கும் முன் எழுதிப் பார்க்க வேண்டியவை

ஒரு தாளை எடுத்துக் கொள்ளுங்கள். முதலில், உங்களிடம் உள்ள தகவலின் அளவு. போல்டர் மீது ரைட் கிளிக் செய்து, பிராப்பர்டீஸ் தேர்ந்தெடுத்தால் அளவு தெரியும். எல்லாவற்றையும் ஒரே எண்ணாக எழுதாமல் பிரித்து எழுதவும். மைத்துனரிடம் மொத்தம் 1.8 டெராபைட் இருந்தது. பிரித்துப் பார்த்தால், 900 ஜிபி விலைக்கு வாங்கிய சாமி படங்களும் இயற்கைக் காட்சிகளும். அவற்றின் டிவிடிக்கள் பீரோவில் இருக்கின்றன. ஏறத்தாழ 200 ஜிபி ஒரே பைலின் பல காப்பிகள். சொந்த வேலை, அதாவது போனால் திரும்ப வராதது, மூன்று ஆண்டுகளுக்கும் சேர்த்து 700 ஜிபி தான். நாம் உயிரைக் கொடுத்துக் காப்பாற்ற வேண்டியது அந்த 700 ஜிபியை. இது தெரிந்தாலே செலவு பாதியாகிவிடும்.

இரண்டாவது, தினமும் எவ்வளவு புதிதாகச் சேருகிறது என்பது. அங்கே நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 ஜிபி. ஆண்டுக்கு 300 வேலை நாள் என்றால் 300 ஜிபி. நான்கு ஆண்டுகளில் சொந்த வேலை மட்டும் 1.9 டெராபைட் ஆகும். படங்களையும் சேர்த்தால் 2.8 டெராபைட். எனவே அடுத்த முறை 4 டெராபைட் டிஸ்க் இரண்டு போதும் என்று முடிவு செய்தோம். விண்டோஸில் பார்க்கும் போது 4 டெராபைட் டிஸ்க் 3.6 டெராபைட் என்று தான் காட்டும். ஏமாற்றிவிட்டார்கள் என நினைக்க வேண்டாம். டிஸ்க் தயாரிப்பவர்கள் ஆயிரத்தின் மடங்கிலும் விண்டோஸ் 1,024ன் மடங்கிலும் கணக்கிடுவதால் வரும் வித்தியாசம் அது.

மூன்றாவது தான் நான் தொடக்கத்தில் சொன்ன கேள்வி. இழப்பு எத்தனை நாள் கழித்துத் தெரிய வரும்? மருந்துக் கடையில் பில்லிங் பைல் போனால் அடுத்த நிமிடம் தெரியும். காலண்டர் பைல் போனால் ஓர் ஆண்டு வரை கூடத் தெரியாமல் இருக்கலாம். பள்ளி, கல்லூரிக்கு ஆண்டுக்கு ஒரு முறை சான்றிதழ் அச்சடிப்பவருக்கும், திருவிழாவுக்குத் திருவிழா வேலை செய்பவருக்கும் இதே கதை தான். "தினமும் இரவு பேக் அப் எடுக்கிறோம்" என்று பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. ஒரே டிஸ்க்கில் நேற்றையதை அழித்து இன்றையதை எழுதினால், உங்களிடம் இருப்பது ஒரு நாள் ஆழம் மட்டுமே. மே மாதம் போனதை ஆகஸ்டில் எடுக்க அது உதவாது. உங்கள் தொழில் எத்தனை மாதத்துக்கு ஒரு முறை சுற்றி வருகிறதோ, அதைவிடச் சற்று அதிகமாகப் பின்னோக்கிச் செல்ல பேக் அப்பில் வழி இருக்க வேண்டும். மைத்துனருக்கு அது 13 மாதங்கள் என்று எழுதினோம்.

கணக்குப் புத்தகத்துக்கு வேறு அளவு. ஜி.எஸ்.டி. சட்டப்படி, அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்களுக்குக் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். நல்ல வேளையாகக் கணக்கு டேட்டா அளவில் மிகச் சிறியது.

எங்கே வைக்கலாம்?

இரண்டு அல்லது மூன்று கம்ப்யூட்டர் மட்டும் உள்ளவர்கள், ஒரு கம்ப்யூட்டரில் ஒரு போல்டரை ஷேர் செய்து கொண்டாலே போதும். செலவு இல்லை. அந்தக் கம்ப்யூட்டர் ஆப் ஆனால் எல்லாருக்கும் வேலை நிற்கும் என்பது குறை. பழைய கம்ப்யூட்டர் ஒன்றை இதற்கென ஒதுக்குபவர்கள் அதில் என்ன விண்டோஸ் உள்ளது எனப் பார்க்கவும். விண்டோஸ் 10க்கான பொதுவான சப்போர்ட் 2025 அக்டோபர் 14 அன்றே முடிந்துவிட்டது. அதற்கும் பழையதை நெட்வொர்க்கில் வைப்பது கதவைத் திறந்து வைப்பது போல.

ரவுட்டரின் பின்னால் உள்ள யு.எஸ்.பி. துளையில் ஒரு ஹார்ட் டிஸ்க்கைச் செருகியும் பகிர்ந்து கொள்ளலாம். வீட்டில் பாட்டு, படம் வைக்க நல்லது. தொழிலுக்கு வேண்டாம் என்பது என் கருத்து. பல ரவுட்டர்களில் அது மிக மெதுவாக இருக்கும். யார் எதைத் திறக்கலாம் என்ற கட்டுப்பாடும் குறைவு.

எல்லாவற்றையும் இன்டர்நெட்டில் வைத்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. அப்லோட் வேகம் நொடிக்கு 20 மெகாபிட் என்றால், 700 ஜிபியை ஏற்ற ஏறத்தாழ 78 மணி நேரம் ஆகும். அதாவது இரவு பகலாக மூன்று நாட்களுக்கும் மேல். ஆனால் அதன் பின் தினமும் சேரும் 1 ஜிபிக்கு ஏழு நிமிடம் தான். எனவே முதல் முறை கஷ்டம், பின்னர் சுலபம். பெரிய டிசைன் பைல்களை இன்டர்நெட் வழியாகத் திறந்து வேலை பார்ப்பது எரிச்சலூட்டும். வேலைக்கு உள்ளூர் பெட்டி, பாதுகாப்புக்கு ஒரு பிரதி இன்டர்நெட்டில் என்று பிரித்துக் கொள்ளலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் போன்றவற்றை கம்ப்யூட்டரின் போல்டருடன் இணைத்து வைப்பது சிங்க் எனப்படும். இங்கே டெலீட் செய்தால் அங்கேயும் டெலீட் ஆகும். கூகுள் டிரைவின் டிராஷ் போல்டரில் 30 நாட்கள் இருக்கும்; பின் தானாக அழிந்துவிடும். நம் காலண்டர் கதைக்கு 30 நாட்கள் போதாதே!

நான்கு, ஐந்து கம்ப்யூட்டர்கள், பெரிய பைல்கள் என்றால் நாஸ் தான் சரி. அதனால் தான் அந்தத் தவறுக்குப் பிறகும் மைத்துனருக்கு மீண்டும் நாஸ் பெட்டியையே வாங்கினோம்.

பெட்டியில் என்ன பார்க்க வேண்டும்?

விளம்பரங்களில் பிராசசர், ராம் என்று வரும். ஐந்து பேர் பைல் திறக்க எந்தப் பெட்டியும் போதும். நான் முதலில் பார்ப்பது ஸ்நாப்ஷாட் வசதி. குறிப்பிட்ட நேரத்தில் எல்லா பைல்களும் எப்படி இருந்தன என்பதைப் பெட்டி நினைவில் வைத்துக் கொள்ளும். மாறிய பகுதிகளுக்கு மட்டும் தான் கூடுதல் இடம் எடுக்கும். தினமும் ஒன்று என வைத்தால், தவறாக டெலீட் செய்த போல்டரை நேற்றைய நிலையிலிருந்து இரண்டு கிளிக்கில் திரும்பப் பெறலாம். விலை குறைந்த சில மாடல்களில் இந்த வசதி இருக்காது. அங்கே சில ஆயிரங்களை மிச்சம் பிடிக்க வேண்டாம். ஸ்நாப்ஷாட்டும் அதே பெட்டிக்குள் தான் இருக்கிறது என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

அடுத்து, எத்தனை ஆண்டுகளுக்கு அந்த நிறுவனம் சாப்ட்வேர் அப்டேட் தரும் என்பது. 2021 ஜூனில், இன்டர்நெட்டில் இணைந்திருந்த வெஸ்டர்ன் டிஜிட்டல் மை புக் லைவ் பெட்டிகள் பலவற்றில் வெளியாட்கள் நுழைந்து, எல்லா தகவல்களையும் அழித்துவிட்டனர். அந்தப் பெட்டிகளுக்கான அப்டேட் 2015லேயே நின்று போயிருந்தது. பெட்டி நன்றாக ஓடிக்கொண்டிருந்ததால் யாரும் மாற்றவில்லை.

டிஸ்க் வாங்கும் போது கடைக்காரரிடம் சி.எம்.ஆர். வகையா, எஸ்.எம்.ஆர். வகையா எனக் கேட்டு வாங்கவும். எஸ்.எம்.ஆர். வகையில், கூரை ஓடுகளைப் போல ஒரு டிராக்கின் மேல் இன்னொன்று சற்று ஏறி இருக்கும். அதிக இடம் கிடைக்கும். ஆனால் தொடர்ந்து எழுதும் போது மிக மெதுவாகிவிடும். பழுதான டிஸ்க்குக்குப் பதில் புதியது போட்டு பெட்டி அதை நிரப்பும் நேரம் தான் இது தொல்லை தரும். நாஸ் பெட்டிக்கென விற்கப்பட்ட டிஸ்க்குகளிலேயே எஸ்.எம்.ஆர். இருந்தது 2020ல் வெளியே வந்து பெரும் சர்ச்சை ஆனது. எனவே உறையில் நாஸ் என்று எழுதியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். நீங்கள் வாங்கும் டிஸ்க் அந்தப் பெட்டி தயாரிப்பாளரின் பட்டியலில் உள்ளதா என்றும் பாருங்கள். 2025ல் சைனாலஜி நிறுவனம் தன் புதிய பிளஸ் மாடல்களில் தான் குறிப்பிட்ட டிஸ்க்குகளையே போட வேண்டும் என்றது. எதிர்ப்பு வந்த பின் அதே ஆண்டு அக்டோபரில் தளர்த்தியது.

நெட்வொர்க் ஸ்விட்ச் ஜிகாபிட் வகையாக இருக்கட்டும். பழைய 100 மெகாபிட் ஸ்விட்ச்சில் 1 ஜிபி பைல் வர ஒன்றரை நிமிடம் ஆகும். ஜிகாபிட் ஸ்விட்ச்சில் பத்து நொடி. சிவகாசியில் பெட்டி மெதுவாக இருக்கிறது என்று ஒரு வாரம் புலம்பினார்கள். போய்ப் பார்த்தால் நடுவில் ஒரு பழைய ஸ்விட்ச்! யூ.பி.எஸ். கட்டாயம். அதிலும் யு.எஸ்.பி. கேபிள் மூலம் நாஸ் பெட்டியுடன் பேசக் கூடிய யூ.பி.எஸ். வாங்கினால், கரண்ட் போய் பேட்டரி தீரும் முன் பெட்டி தானே முறையாக ஷட் டவுன் ஆகிவிடும்.

பெட்டியை அமைத்த பின், ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் திஸ் பிசி திறந்து, மேப் நெட்வொர்க் டிரைவ் என்பதில் கிளிக் செய்து, ஒரு டிரைவ் எழுத்தைத் தேர்ந்தெடுத்து, பெட்டியின் பெயரையும் போல்டர் பெயரையும் கொடுத்தால், அது இன்னொரு டிரைவ் போலவே தெரியும். ஒவ்வொருவருக்கும் தனி யூசர் நேம், பாஸ்வேர்ட் கொடுக்கவும். முடிந்து போன ஆண்டுகளின் போல்டர்களைப் படிக்க மட்டும் அனுமதி கொடுத்து, டெலீட் செய்யும் உரிமையை உரிமையாளருக்கு மட்டும் வைத்தால் பாதிப் பிரச்னை தீர்ந்தது.

பேக் அப்பை எப்படி அமைத்தோம்?

மூன்று பிரதிகள், இரண்டு வகை சாதனங்கள், ஒன்று வெளி இடத்தில் என்று ஒரு கணக்கு உண்டு. பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர், டிஜிட்டல் படங்களைப் பாதுகாப்பது பற்றிய தன் நூலில் எழுதிப் பிரபலப்படுத்தியது. எங்கள் ஏற்பாடும் ஏறக்குறைய அது தான்.

நாஸ் பெட்டியில் அசல் பைல்கள். கூடவே தினசரி ஸ்நாப்ஷாட் 30, வார ஸ்நாப்ஷாட் 12. அதன் ரீசைக்கிள் பின்னும் இப்போது இயக்கத்தில் உள்ளது. அடுத்து, யு.எஸ்.பி. மூலம் இணைக்கும் 4 டெராபைட் வெளி டிஸ்க் இரண்டு. ஒன்றில் சிவப்பு ஸ்டிக்கர், மற்றொன்றில் பச்சை. திங்கட்கிழமை காலை மைத்துனர் சிவப்பு டிஸ்க்கைக் கொண்டு வருவார். இரவு பேக் அப் முடியும். மறுநாள் அது திருத்தங்கலில் உள்ள வீட்டுக்குத் திரும்பிவிடும். அடுத்த திங்கள் பச்சை. எந்த நேரத்திலும் இரண்டு டிஸ்க்கும் ஒன்றாகக் கடையில் இருக்கக் கூடாது என்பது விதி. பேக் அப் முடிந்த பின் டிஸ்க்கைக் கழற்றியே ஆக வேண்டும் என்பது இன்னொரு விதி.

13 மாதங்களுக்கு என்ன வழி? ஜனவரி முதல் வாரம், காலண்டர் சீசன் முடிந்தவுடன், மூன்றாவதாக ஒரு டிஸ்க்கில் முழுப் பிரதி எடுத்து, ஆண்டை எழுதி பீரோவில் வைத்து விடுவோம். அடுத்த ஜனவரிக்கு வேறு டிஸ்க். அடுத்தது எடுத்துச் சரி பார்க்கும் வரை முந்தையதைத் தொடுவதில்லை. செலவு ஆண்டுக்கு ஒரு டிஸ்க்.

வெளி டிஸ்க்கில் எழுதும் போது பைல்களைச் சாதாரண பைல்களாகவே காப்பி செய்யும் முறையைத் தேர்ந்தெடுத்தோம். சில பேக் அப் சாப்ட்வேர்கள் எல்லாவற்றையும் தங்களுக்கே உரிய ஒரு வடிவில் மூட்டை கட்டிவிடும். இடம் மிச்சம் தான். ஆனால் நாஸ் பெட்டியே எரிந்து போன நாளில் அந்த மூட்டையைப் பிரிக்க அதே சாப்ட்வேர் வேண்டும். எங்கள் டிஸ்க்கை எந்த விண்டோஸ் கம்ப்யூட்டரிலும் செருகித் திறக்கலாம்.

டேலி டேட்டாவுக்குத் தனி ஏற்பாடு. யாராவது என்ட்ரி போட்டுக் கொண்டிருக்கும் போது அந்த போல்டரைக் காப்பி செய்தால், பாதி எழுதிய நிலையில் பைல் சிக்கிக் கொள்ளலாம். எனவே டேலியின் சொந்த பேக் அப் வசதியையே பயன்படுத்தவும். டேலி பிரைமில் ஆல்ட் கீயுடன் ஒய் அழுத்தினால் டேட்டா மெனு வரும். அதில் பேக் அப் உள்ளது. அப்படி எடுத்த பைலைத் தேதியிட்ட பெயரில் இன்டர்நெட்டிலும் ஏற்றி வைக்கிறோம். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபியில் பல ஆண்டுக் கணக்குகள் அடங்கும். அதே இடத்தைத் தான் ஜிமெயிலும் போட்டோக்களும் பகிர்ந்து கொள்ளும் என்பதால் இதற்கெனத் தனி அக்கவுண்ட் வைப்பது நல்லது.

வெளியிலிருந்து வரும் ஆபத்து

2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுவதும் பரவி, பைல்களைப் பூட்டிப் பணம் கேட்டது. விண்டோஸில் பைல் பகிரும் பழைய முறையில் இருந்த ஓட்டை வழியாகத் தான் நெட்வொர்க்கில் கம்ப்யூட்டர் விட்டுக் கம்ப்யூட்டர் பாய்ந்தது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச்சில் கொடுத்திருந்தது. போடாதவர்கள் மாட்டினார்கள். இந்த வகை வைரஸ் ஒரு கம்ப்யூட்டரில் புகுந்தால், அதில் டிரைவ் எழுத்துடன் தெரியும் நாஸ் போல்டர்களையும் பூட்டும். செருகியே வைத்திருக்கும் யு.எஸ்.பி. டிஸ்க்கையும் விடாது. கழற்றி வைத்த டிஸ்க்கைத் தான் அதனால் தொட முடியாது.

நாஸ் பெட்டிகளையே குறி வைத்த தாக்குதல்களும் உண்டு. 2021 ஏப்ரலில் கியூலாக்கர், 2022 ஜனவரியில் டெட்போல்ட் ஆகியவை இன்டர்நெட்டில் நேரடியாகத் தெரியும்படி வைக்கப்பட்டிருந்த க்யூநாப் பெட்டிகளில் புகுந்தன. வீட்டிலிருந்தபடியே பைலைத் திறக்கலாம் என்று ரவுட்டரில் கதவைத் திறந்து விடும் செட்டிங் பலருக்கும் ஆசை காட்டும். வேண்டாம். அவசியம் என்றால் வி.பி.என். வழியாக வாருங்கள். பெட்டியின் அட்மின் பாஸ்வேர்டை தினசரி வேலைக்குப் பயன்படுத்தாமல் ஒரு தாளில் எழுதி வீட்டில் வைக்கவும். பேக் அப் எடுக்கும் வேலைக்கும் தனி யூசர் நேம் இருக்கட்டும்.

எடுத்ததைத் திறந்து பாருங்கள்

மாதத்தின் முதல் சனிக்கிழமை, மைத்துனர் ஏதாவது ஒரு பழைய வாடிக்கையாளரின் பெயரைச் சொல்வார். டிசைனர் பையன் அதனை வெளி டிஸ்க்கிலிருந்து மட்டும் எடுத்து, நாஸ் இணைப்பு இல்லாத ஒரு கம்ப்யூட்டரில் கோரல் டிராவில் திறந்து காட்ட வேண்டும். பைல் இருந்தால் போதாது. பான்ட் சரியாக வருகிறதா, படங்கள் ஒட்டியிருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். முதல் சோதனையிலேயே பான்ட் போல்டரை நாங்கள் பேக் அப்பில் சேர்க்கவில்லை என்பது தெரிந்தது. எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வந்தது!

2019 நவம்பர் சோதனையில் இன்னொன்று. அந்த மாத வேலைகள் எதுவுமே டிஸ்க்கில் இல்லை. விசாரித்தால், மூன்று வாரங்களுக்கு முன் பேக் அப் யூசரின் பாஸ்வேர்டை நான் மாற்றியிருந்தேன். பேக் அப் வேலையில் மாற்ற மறந்துவிட்டேன். ஒவ்வொரு திங்களும் பெட்டி முயன்று, தோற்று, மெயிலும் அனுப்பியிருக்கிறது. அந்த மெயில் யாரும் திறக்காத ஒரு பழைய முகவரிக்குப் போய்க் கொண்டிருந்தது. இப்போது அந்த மெயில் மைத்துனரின் போனுக்கு வருகிறது. வெற்றி என்றாலும் வர வேண்டும் என செட் செய்திருக்கிறோம். செவ்வாய் காலை மெயில் வரவில்லை என்றால் டீ குடிக்கும் முன் எனக்குப் போன் வந்துவிடும்.

பழைய டிஸ்க்கை டெலீட் செய்த அதே பையன் தான் இன்று அங்கே சிவப்பு, பச்சை டிஸ்க்குகளுக்குப் பொறுப்பு. ஸ்டிக்கரில் தேதி எழுத ஒரு மார்க்கர் பேனாவைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே நூலில் கட்டித் தொங்க விட்டிருக்கிறான்.